நாற்பதாவது மரம்

ஜூன் 4

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நம் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது. கடிதத்தில் குரலை ஏற்ற முடியாது. எழுத்தைத்தான் பெரிதாக்கலாம், அதற்கு எனக்குக் கை வராது.

போன ஞாயிறு பிள்ளைகள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான் பேசியது தப்பு. "மரம் வெட்டறவங்களுக்கே அளந்து குடுத்துப் பழகினவங்களுக்கு வேற எப்படித் தோணும்" என்று சொல்லியிருக்கக் கூடாது. நீங்கள் பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்ததும், உங்கள் மகன் தண்ணீர் ஜாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் கண்ணிலேயே நிற்கிறது. மன்னிக்க வேண்டும்.

ஆனால் அதற்கு முன் நீங்கள் சொன்ன ஒன்று எனக்கு விளங்கவில்லை. "நீங்க எண்ணிட்டு வந்திருக்கீங்க சம்பந்தியம்மா, அளந்துட்டு வரல" என்றீர்கள். நில அளவையில் நாற்பது வருஷம் இருந்தவர் சும்மா சொல்லியிருக்க மாட்டீர்கள். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

அன்று கோபத்தில் நான் எதையும் வரிசையாகச் சொல்லவில்லை. எங்கள் தெரு ஊரின் கடைசி பஸ் நிறுத்தத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. இருபத்தாறு வீடு. இரண்டு பக்கத்து மரங்களும் மேலே ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டவை. தெருக்கோடியில் பன்னிரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் அச்சக வளாகத்தில் எட்டு மாடி எழுப்ப ஒரு கம்பெனி மனுப் போட்டிருக்கிறது. அது வந்தால் அதற்குப் பின்னால் இன்னொன்று வரும். பக்கத்துப் பகுதியில் மூன்றே வருஷத்தில் என்ன ஆயிற்று என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

நகராட்சி ஒரு வழி வைத்திருக்கிறது. ஒரு தெருவில் நாற்பது பெரிய மரம் இருந்தால் அது பசுமைத் தெருப் பட்டியலில் சேரும். சேர்ந்தால் அங்கே இரண்டு மாடிக்கு மேல் கட்ட முடியாது. மார்பு உயரத்தில் சுற்றளவு ஒரு மீட்டரும் அதற்கு மேலும் இருப்பது பெரிய மரம். பட்டியலை வருஷத்துக்கு ஒரு தடவை, ஜூன் முதல் பத்து நாள் மட்டும் திறப்பார்கள்.

முதலில் மூலை வீட்டுப் பல் டாக்டர் டேப் பிடித்தார், நான் எழுதினேன். மறுநாள் சந்தேகத்துக்கு நாலு மரத்தை நானே அளந்தால் எல்லாமே அவர் சொன்னதைவிடக் கூட வந்தது. "வாய்க்குள்ள அளந்து பழகின கைக்கு வெளியே சரிவராது டாக்டர்" என்று கிண்டல் செய்து, அவர் பட்டியலை அடித்துவிட்டு எல்லாவற்றையும் நானே அளந்தேன். வகுப்பில் பத்துப் பிள்ளைகளிடம் பத்து வெப்பமானி கொடுத்தால் பத்து விடை வரும். ஒரே வெப்பமானியை ஒரே ஆள் பார்த்தால் குழப்பமில்லை. ஒரே டேப், ஒரே கை. நாற்பத்து மூன்று மரம் வந்தது.

நான் அளப்பதை எங்கள் தெரு பேக்கரிக்காரர் படம் எடுத்தார். இத்துடன் வைத்திருக்கிறேன். இதில் அளவை எங்கே இல்லை, எண்ணிக்கை எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
சம்பந்தியம்மா


ஜூன் 9

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

கடிதம் இன்று கிடைத்தது. நான் கால்வாய் அளவை வேலையாக மலையடிவாரத்தில் இருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் கூப்பிடுகிறார்கள். ஒரு அறை, ஒரு கட்டில், ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் இல்லாத கால்வாய்.

அன்று எழுந்து போனது என் தப்பு. அதோடு விடுங்கள்.

எண்ணுவது ஒருவர் செய்வது. அளப்பது யார் செய்தாலும் அதே விடை வருவது. டாக்டருக்கு ஒன்றும் உங்களுக்கு ஒன்றும் வந்தபோது, யார் சரி என்று பார்த்தீர்கள். ஏன் வேறுபட்டது என்று பார்க்கவில்லை. நான் சொல்ல நினைத்தது அவ்வளவுதான்.

படத்தைப் பார்த்தேன். டேப் மடிப்பில்லாமல் சுற்றியிருக்கிறது. நல்லது. ஆனால் டேப் இருக்கும் இடம், அதாவது உயரம், எனக்குச் சற்று, எப்படிச் சொல்வது, டாக்டர் உயரமான மனிதரா? அவர் பட்டியலைக் கிழித்துப் போடாதீர்கள். முடிந்தால் அவரையே இன்னொரு முறை அளக்கச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தின் பின்பக்கத்தைப் படித்தீர்களா?

நான் ஊருக்கு வரும்வரை கொடுக்காமல் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
சம்பந்தி


ஜூன் 15

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் பதின்மூன்றாம் தேதி வந்தது. விண்ணப்பத்தை எட்டாம் தேதியே கொடுத்துவிட்டேன். பத்தோடு மூடிவிட்டார்கள். ஜூலை பத்தாம் தேதி ஒரு அதிகாரி சரிபார்க்க வருகிறாராம்.

பின்பக்கம் என்று ஒன்று எங்கள் தாளில் இல்லை. பேக்கரிக்காரர் நகராட்சியிலிருந்து ஒரு தாள் வாங்கி, அதை நகல் எடுத்து வந்து கொடுத்தார். முன்பக்கம் மட்டும்தான்.

டாக்டரையே அளக்கச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன்? அவர் ஆண் என்பதாலா? முப்பத்து மூன்று வருஷம் ஆறாம் வகுப்புக்கு அளவீட்டுப் பாடம் நடத்தியிருக்கிறேன். என்னிடம் படித்தவர்கள் பாலம் கட்டுகிறார்கள், அந்தப் பாலங்களும் நிற்கின்றன. ஒரு மரத்தைச் சுற்றி டேப் பிடிக்க எனக்குத் தெரியாதா?

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். நேற்று பெண் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, மாதிரி வீடு பார்க்கப் போனதாக வாய் தவறிச் சொன்னாள். எங்கே என்று கேட்டால் அடுப்பில் ஏதோ பொங்குகிறது என்று வைத்துவிட்டாள். அவள் வீட்டில் அந்த நேரத்தில் அடுப்பு எரியாது. உங்களுக்கு ஏதாவது தெரியுமா? அன்று சாப்பாட்டு மேஜையில் நீங்கள் யாருக்காகப் பேசினீர்கள் என்று இப்போது யோசிக்கிறேன்.

கோபமாக எழுதவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். படித்துப் பார்த்தால் கோபமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும், அனுப்பிவிடுகிறேன்.

சம்பந்தியம்மா


ஜூன் 22

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

சனி, ஞாயிறு வீட்டுக்கு வந்தேன். இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். என் மனைவி பார்த்துவிட்டு, "ஏங்க, அவங்க சயின்ஸ் டீச்சர். உடம்புல இருக்கிற எலும்பு அத்தனைக்கும் பேர் சொல்லிக் குடுத்தவங்க. நீங்க ஒரு வார்த்தைக்கு வெக்கப்பட்டுட்டுத் தாளைக் கிழிச்சிட்டிருக்கீங்க" என்றாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் எழுதுகிறேன்.

மார்பு உயரம் என்று விண்ணப்பத்தில் இருப்பது அளப்பவருடைய மார்பு அல்ல. தரையிலிருந்து ஒரு மீட்டர் முப்பது சென்டிமீட்டர். பின்பக்கக் குறிப்பில் அது இருக்கிறது. மரம் அடியில் பருத்தும் மேலே போகப் போகச் சிறுத்தும் இருக்கும். தாழ்வாகச் சுற்றினால் சுற்றளவு கூட வரும். நீங்கள் உயரம் குறைந்தவர். டாக்டர் உயரமானவர். இரண்டு பட்டியலும் ஏன் வேறுபட்டன என்பது இதுதான். படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆனால் சம்பந்தியம்மாவிடம் உங்கள் மார்பு தரையிலிருந்து எத்தனை என்று நான் எப்படிக் கேட்பது? சுற்றி வளைத்து எழுதினேன். நீங்கள் வேறு விதமாக எடுத்துக்கொண்டீர்கள். தப்பு என்னுடையது. அன்றே போனில் சொல்லியிருந்தால் பத்தாம் தேதி மூடுவதற்கு முன் தெரிந்திருக்கும்.

இரண்டாவது. மாதிரி வீடு அந்த எட்டு மாடியுடையதுதான். உங்கள் பெண்ணும் என் மகனும் நாலாவது மாடியில் ஒரு வீட்டுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்கு மூன்று நிமிஷ நடையில் இருக்க வேண்டும் என்பது மருமகளின் எண்ணம். தனி வீடு அவர்களுக்கு எட்டாது. உங்களிடம் தாங்களே சொல்வதாகவும் அதுவரை நான் பேச வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள். அன்று மேஜையில் என்னால் அதைச் சொல்லவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினால், பிள்ளைகளுக்கு வீடு கிடைக்கட்டும் என்று உங்கள் கணக்கை உடைக்கிறேன் என்று தோன்றலாம். அதனால் இதையும் எழுதுகிறேன். சரிபார்க்க வருகிறவர் ஐந்தாறு மரத்தைத்தான் அளப்பார். பெரிய மரங்களாகக் காட்டினால் நாற்பத்து மூன்று நிற்கும். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

சம்பந்தி


ஜூலை 1

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் வீட்டம்மாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

கடிதத்தைப் படித்ததும் சுவரில் முதுகை ஒட்டி நின்று என்னை அளந்து பார்த்தேன். தரையிலிருந்து மார்புவரை ஒரு மீட்டர் ஆறு சென்டிமீட்டர். தனியாக நின்று சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அளவுகோல் என்றால் ஆளுக்கு ஆள் மாறக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, ஒரு முழத் துணியை என் கையாலும் வகுப்பிலேயே உயரமானவன் கையாலும் அளந்து காட்டுவேன். அதே ஆள் தெருவில் தன்னையே அளவுகோலாக்கிக்கொண்டு, அதில் ஒரே கை என்று பெருமை வேறு.

திரைச்சீலைக் கம்பி ஒன்றை ஒரு மீட்டர் முப்பதில் வெட்டி, இரண்டு நாள் காலையில் மறுபடி அளந்தேன். முப்பத்தாறு. நாலு குறைகிறது. ஐந்து மரம் தொண்ணூற்றேழுக்கும் நூறு சென்டிமீட்டருக்கும் நடுவில் நிற்கிறது. வாசலில் நின்று கூப்பிட்டும் உள்ளே வராத விருந்தாளி மாதிரி.

டாக்டர் வீட்டுக்குப் போனேன். பேக்கரிக்காரரும் இருந்தார். நகல் எடுத்தது தன் தப்பு என்று அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. டாக்டர்தான் பேசினார்.

"டீச்சர், நீங்க சொல்லலைன்னா இது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சிடுச்சே டாக்டர்."

"என் லிஸ்ட்டை ஒரு கோடு போட்டு அடிச்சீங்க. அன்னிக்கு இந்த நேர்மை எங்க போச்சு?"

மன்னிப்புக் கேட்டேன். "மன்னிப்பு வேணாம். தெருவைக் காப்பாத்துங்க, போதும்" என்றார். வாசல்வரை வந்து விடைகொடுக்கிறவர், அன்று வரவில்லை.

பெண்ணையும் வரச் சொன்னேன். வந்து, செருப்பைக் கழற்றாமலே, "மாமா சொல்லிட்டாரா?" என்றாள். நான் கத்துவேன் என்று நினைத்திருப்பாள் போல. எனக்கு ஒன்றுதான் கேட்கத் தோன்றியது.

"மாதிரி வீட்டுல ஜன்னல் பக்கம் நின்னியா? அங்கிருந்து என்னடி தெரியும்?"

"உன் மரம்தாம்மா. அதைப் பார்த்துட்டுத்தான் பேர் குடுத்தோம்."

அச்சக வளாகத்துக்குள் இருக்கும் ஒன்பது மரமும் அந்தக் கட்டடத்துக்காகப் போய்விடும் என்று சொன்னேன். அவளுக்குத் தெரியும். "எட்டு மாடி இல்லாம அங்க எங்களால வாங்கற விலைக்கு வீடு வராதும்மா" என்றாள். அதுவும் நிஜம்தான். நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் இங்கிருந்த எத்தனை மரம் போய் இந்த அறை வந்தது என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

பரீட்சையில் ஒருத்தி தப்பான வழியில் சரியான விடையைக் கொண்டுவந்தால் மதிப்பெண் போட மாட்டேன். அழுதுகொண்டு வந்து நிற்பார்கள், அப்போதும் போட மாட்டேன். இப்போது நான் அந்த வரிசையில் நிற்கிறேன்.

நாளை நகராட்சிக்குப் போகிறேன்.

சம்பந்தியம்மா


ஜூலை 9

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

நீங்கள் முப்பத்தாறு என்று திருத்தி எழுதிக் கொடுத்ததை மருமகள் சொன்னாள். தெரு இந்த வருஷப் பட்டியலில் இல்லை என்றும் சொன்னாள். சொல்லும்போது அவள் சந்தோஷமாக இல்லை.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. வேலையைத்தான் சொல்ல வரும்.

மரம் வளரும். அந்த ஐந்தும் வருஷத்துக்கு எத்தனை வளர்கின்றன என்று யாருக்கும் தெரியாது, அளந்தால் தவிர. அச்சக வளாகத்துக்கு வடிகால் துறை அனுமதி வேண்டும். அது ஆறு மாதமும் ஆகும், ஒரு வருஷமும் ஆகும். கட்டட அனுமதிக்கு முன் தெரு பட்டியலில் சேர்ந்தால் பட்டியல்தான் செல்லும்.

மாதம் ஒரு முறை அளங்கள். ஒரு மீட்டர் முப்பதில் சின்னதாகப் பெயின்ட் புள்ளி வையுங்கள். துணி டேப் இழுபடும். என்னுடைய பழைய எஃகு டேப்பை அனுப்புகிறேன். மழை பெய்தால் உடனே அளக்காதீர்கள். பட்டை நனைந்தால் ஊதும். மூன்று நாள் காய விட்டு அளக்க வேண்டும்.

சம்பந்தி


நவம்பர் 18

சம்பந்தி அவர்களுக்கு,

எஃகு டேப்பின் ஓரம் கையை அறுக்கிறது. உங்கள் கை எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறது.

ஐந்தில் இரண்டு நூறைத் தாண்டிவிட்டன. ஒன்று மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் கூடுகிறது. இன்னொன்று ஜூலையிலிருந்து அசையவே இல்லை. இரண்டும் ஒரே மண், ஒரே வெயில். ஏன் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முப்பத்தொரு வருஷம் இந்த மரங்களுக்கு அடியில் பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறேன், இவை வளர்கின்றன என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

போன வாரக் காற்றில் பேக்கரி வாசலில் இருந்தது சாய்ந்துவிட்டது. நூற்று நாற்பது சுற்றளவு. தகரக் கூரை நசுங்கியது, ஆட்களுக்கு ஒன்றுமில்லை. ஆக, கணக்கில் ஒன்று போயிற்று.

டாக்டர் இன்னும் பேசுவதில்லை. ஆனால் போன மாதம் நான் வைத்த பெயின்ட் புள்ளிகள் மழையில் மங்கிப்போயிருந்தன. இந்த மாதம் போனால் எல்லாம் புதிதாக இருக்கின்றன. பல்லுக்குப் பூசுகிற மாதிரி அவ்வளவு சுத்தமான வட்டம்.

சம்பந்தியம்மா


பிப்ரவரி 2

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

என் மனைவி ஒன்று கேட்கச் சொல்கிறாள். நானும் கேட்க நினைத்ததுதான். மாதாமாதம் அளவை எழுதி மருமகளுக்கும் அனுப்புகிறீர்களாமே. அவளும் கட்டடக் கம்பெனியிடமிருந்து வரும் தகவலை உங்களுக்கு அனுப்புகிறாளாமே. நாற்பது வந்தால் அவளுக்கு வீடு இல்லை. வராவிட்டால் தெரு இல்லை. நீங்கள் எது வர வேண்டும் என்று நினைத்து டேப்பைப் பிடிக்கிறீர்கள்?

சம்பந்தி


ஜூன் 7

சம்பந்தி அவர்களுக்கு,

நாலு மாதமாக உங்கள் கேள்விக்குப் பதில் எழுதவில்லை. தெரியாததால் எழுதவில்லை. காலையில் தெருவில் நின்று மேலே பார்த்தால் ஒன்று தோன்றுகிறது. சாயங்காலம் வீட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தால், மூன்று நிமிஷத்தில் பெண் வந்துவிடுவாள் என்றால் எப்படி இருக்கும் என்று தோன்றுகிறது. டேப்பைப் பிடிக்கும்போது மட்டும் எண் என்ன என்று பார்க்கிற ஆசைதான் இருக்கிறது. அதற்கு மேல் எனக்கு யோக்கியதை இல்லை.

நிலவரம் இது. வடிகால் துறை போன வாரம் அனுமதி கொடுத்துவிட்டது. கட்டட அனுமதி அடுத்த மாதம் வந்துவிடும். அதனால் இந்த ஜூன்தான். பட்டியல் பத்தாம் தேதி மாலை ஐந்து மணிக்கு மூடுகிறது. இப்போது முப்பத்தொன்பது மரம் நூறைத் தாண்டி நிற்கின்றன. நாற்பதாவதாக வரக்கூடியது ஒன்றே ஒன்று, அச்சகச் சுவரை ஒட்டி நிற்பது. மே கடைசியில் தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு.

நாலாம் தேதியிலிருந்து மூன்று நாள் மழை. நேற்றுக் காலை தூறல் விட்டதும் ஆசை தாங்காமல் அளந்தேன். நூறு புள்ளி ஒன்று. டாக்டர் எதிர்ப்பக்கம் குடையோடு நின்றார். ஒரு வருஷத்தில் முதல் தடவையாகத் தெருவைக் கடந்து வந்தார்.

"வந்துடுச்சா டீச்சர்?"

"வந்திருக்கு. ஆனா பட்டை ஈரமா இருக்கு டாக்டர். மூணு நாள் காயணும்."

அவர் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போன வருஷம் போல ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "ஒம்பதாம் தேதின்னா அன்னிக்கு க்ளினிக்கைச் சாயங்காலம் திறந்துக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பெண்ணிடமும் சொன்னேன். நேற்று வந்த எண்ணையும், அதை ஏன் எழுதிக்கொள்ளவில்லை என்பதையும்.

"ஒம்பதாம் தேதி நான் லீவு போட்டுட்டு வரேன்மா" என்றாள்.

"எதுக்குடி? நூறு வந்தா உனக்கு நாலாம் மாடி இல்லை."

"தெரியும். அந்த மரம் சுவரை ஒட்டி இருக்கில்ல, நீ ஒருத்தியாப் பிடிச்சா பின்னாடி டேப் சாஞ்சிடும். நான் அந்தப் பக்கம் பிடிக்கறேன்."

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது விடை தெரிந்துபோயிருக்கும். போனிலேயே யாராவது சொல்லிவிடுவார்கள். ஆனாலும் எனக்கே தெரியாத இந்த நேரத்தில் உங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

மழை விட்டு ஒரு நாள் ஆகிறது. இப்போதுதான் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். பட்டை இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது.

அன்புடன்,
சம்பந்தியம்மா